மேலிருந்து பார்க்கும் கண்: விண்வெளிக் கொள்கையும் பழனிமலை நில உரிமையும்

1986 டிசம்பர் 3 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 41/65 என்னும் எண் கொண்ட தீர்மானத்தை நிறைவேற்றியது. விண்வெளியிலிருந்து பூமியைப் படமெடுப்பதற்கான 15 நெறிகளை அது வகுத்தது. ஒரு நாட்டின் செயற்கைக்கோள் இன்னொரு நாட்டின் நிலத்தைப் படமெடுத்தால், அந்தத் தரவைப் பாகுபாடின்றி, நியாயமான விலையில் பெறுவதற்குப் படமெடுக்கப்பட்ட நாட்டுக்கும் வழியுண்டு என்பது அவற்றுள் 12ஆவது நெறி. பன்னாட்டு உறவுகளைப் பயிலும் மாணவர்கள் இதனை வல்லரசுகளுக்கும் வளரும் நாடுகளுக்கும் இடையே எட்டப்பட்ட சமரசம் என்று படிக்கின்றனர். அவ்வாறு படிப்பது சரியே. ஆனால் அந்த நெறியில் உரிமை பெறுவது அரசு மட்டுமே. படமெடுக்கப்படும் நாட்டுக்குள் படமெடுக்கப்படும் மக்கள் இருக்கிறார்கள். அந்த மக்களுக்கு என்ன உரிமை என்பதைப் பற்றித் தீர்மானம் எதுவும் சொல்லவில்லை.

இந்த மௌனத்துக்கு என்ன விலை என்பதைப் பழனி மலைத்தொடரில் தெளிவாகக் காணலாம். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வானத்தை நோக்கும் ஆய்வகம் அங்கே உள்ளது. வானத்திலிருந்து நோக்கப்படும் காடும் அங்கேயே உள்ளது. அந்தக் காட்டில் தலைமுறைகளாக வாழ்ந்தும் கையில் பட்டா இல்லாத பளியரும் புலையரும் அங்கேதான் வாழ்கின்றனர்.

அரசுகளின் கண்ணில் விண்வெளி

விண்வெளிக் கொள்கை என்னும் ஆய்வுத்துறை மூன்று கேள்விகளைச் சுற்றி வளர்ந்தது. விண்வெளி யாருக்குச் சொந்தம்? அதனை யார் பயன்படுத்தலாம்? பயனை எப்படிப் பகிர்வது?

முதல் கேள்விக்கு 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை விடையளித்தது. விண்வெளியையோ நிலவையோ எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது. அதன் பயன்பாடு பொருளாதார, அறிவியல் வளர்ச்சியில் எந்நிலையில் இருக்கும் நாட்டுக்கும் நன்மை தருவதாக அமைய வேண்டும் என்பது அதன் சாரம். கோட்பாட்டளவில் இது பெரிய வெற்றி. நடைமுறையில் ஏவுகணை வைத்திருந்தவர்களே முதலில் சென்றார்கள், நல்ல இடங்களைப் பிடித்தார்கள். 1976இல் நிலநடுக்கோட்டை ஒட்டிய எட்டு நாடுகள் கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் கூடி, தங்கள் தலைக்கு மேலுள்ள புவிநிலைச் சுற்றுப்பாதை தங்கள் இயற்கை வளம் என்று அறிவித்தன. வல்லரசுகள் அதனை ஏற்கவில்லை. ஆனாலும் ‘முதலில் வந்தவனுக்கே முதல் இடம்’ என்னும் விதி ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வை நிலைநிறுத்தும் விதியே என்பதை அந்த அறிவிப்பு உலகுக்குச் சொன்னது. இடஒதுக்கீட்டுக்காகப் போராடிய சமூகங்களுக்கு இந்த வாதம் புதிதன்று.

தொலையுணர்வு குறித்த விவாதமும் இதே போக்கில் நடந்தது. தங்கள் நிலத்தைப் படமெடுக்க முன்அனுமதி வேண்டும் என்று பிரேசில், அர்ஜென்டினா போன்ற நாடுகள் கோரின. தன் கனிமமும் பயிரும் எங்கே, எவ்வளவு என்பது தனக்கு முன்பே அந்நிய நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும் என்பது அவற்றின் அச்சம். வானம் திறந்தது, அனுமதி தேவையில்லை என்றது அமெரிக்கா. 1986இன் நெறிகள் முன்அனுமதிக் கோரிக்கையைக் கைவிட்டு, அதற்கு ஈடாகத் தரவைப் பெறும் வழியைக் கொடுத்தன. படமெடுக்கப்படும் நாட்டின் சட்டபூர்வ உரிமைகளுக்கும் நலன்களுக்கும் கேடு விளையக் கூடாது என்றும் கூறின.

வளரும் நாடுகளின் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் கோரிக்கையின் நியாயம் விளங்கும். என்னைக் கேட்காமல் என்னைப் பற்றிய அறிவை உருவாக்காதே. உருவாக்கினால் அது எனக்கும் கிடைக்க வேண்டும். அதைக்கொண்டு எனக்குத் தீங்கு செய்யாதே. அரசுகள் உலக அரங்கில் எழுப்பிய இந்த மூன்று கோரிக்கைகளையும் தம் சொந்தக் குடிமக்கள் எழுப்பும்போது அவை என்ன செய்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மலை மேல் ஆய்வகம், கடலோரம் ஏவுதளம்

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சத்துக்குப் பின், சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் ஆவல் காலனிய அரசுக்கு எழுந்தது. அதன் விளைவுகளுள் ஒன்று இந்த ஆய்வகம். பஞ்சத்தில் மடிந்தவர்களுள் நிலமற்ற கூலிகளும் தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களும் பெருந்தொகையினர். தானிய ஏற்றுமதி, கூலிக் கொள்கை, நில உடைமை ஆகியவற்றில் தேட வேண்டிய காரணத்தைச் சூரியனிலும் தேடிய காலம் அது. அதனால் அங்கு நடந்த அறிவியல் பொய்யாகிவிடாது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டறிந்தது இந்த மலையில்தான். உலகம் இன்றும் அதை ‘எவர்ஷெட் விளைவு’ என்றே அழைக்கிறது. அப்போது மலைக்கு மோட்டார் சாலை இல்லை. பொருள்கள் பொதிமாடுகளின் முதுகிலும் சுமைகூலிகளின் தலையிலும் ஏறின. ஆய்வகத்தின் வரலாறோ அதன் இயக்குநர்களின் பெயர்களால் எழுதப்பட்டிருக்கிறது.

சுதந்திர இந்தியாவின் விண்வெளித் திட்டமும் நிலத்திலிருந்தே தொடங்கியது. காந்த நிலநடுக்கோட்டை ஒட்டியிருந்ததால் கேரளத்தின் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து பறந்த முதல் ராக்கெட் அமெரிக்காவுடையது. அதன் சுமை பிரான்சுடையது. சோவியத் ஒன்றியமும் கருவிகள் தந்து உதவியது. பனிப்போரின் எதிரணிகள் ஒரே மணலில் கூடிய அந்த நிகழ்வை, அணிசேராக் கொள்கையின் சாதனை என்று பன்னாட்டு உறவுகளின் ஆய்வாளர்கள் சரியாகவே குறிப்பிடுகின்றனர். 1968இல் அந்த ஏவுதளம் ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த மணல் மீனவக் குடும்பங்களின் வாழ்விடம். தேவாலயத்தையும் வீடுகளையும் விட்டு அவர்கள் இடம்பெயர்ந்தார்கள். ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் ஏவுதளம் எழுந்தபோது அங்கு வாழ்ந்த யானாதிப் பழங்குடிகள் வாழ்விடம் இழந்தனர். இன்று தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்காக 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் எடுக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

விண்வெளி ‘மனிதகுலம் அனைத்துக்கும் உரியது’ என்று உடன்படிக்கை சொல்கிறது. அங்கே செல்லும் பாதை மட்டும் குறிப்பிட்ட சில மக்களின் நிலத்தின் வழியாகவே போகிறது.

காடு என்று கோள் சொல்வது

நிலத்தை எடுப்பது ஒரு வகை. நிலத்தை மேலிருந்து பார்த்து, அது என்ன என்று பெயரிடுவது இன்னொரு வகை. இரண்டாவது வகை ஓசையின்றி நடப்பதால் பலரின் கவனத்துக்கு வருவதில்லை.

1972 ஜூலையில் அமெரிக்கா ஏவிய செயற்கைக்கோளுடன் ‘லேண்ட்சாட்’ வரிசை தொடங்கியது. இந்தியா 1979இல் ஐதராபாத் அருகே தரைநிலையம் அமைத்து அந்தத் தரவைப் பெறலாயிற்று. 1988இல் சோவியத் ராக்கெட்டில் இந்தியாவின் முதல் தொலையுணர்வுக் கோளான ஐ.ஆர்.எஸ்-1ஏ ஏவப்பட்டது. 1987 முதல் இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாட்டின் காட்டுப் பரப்பை அறிக்கையாக வெளியிட்டு வருகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகை இருந்தால் அது காட்டுப் பரப்பாகக் கணக்கில் சேரும். அது யாருடைய நிலம், எவ்வகை மரம் என்பது இந்தக் கணக்கில் வேறுபாடு செய்வதில்லை.

பழனி மலையின் உச்சியில் இந்த வரையறை என்ன செய்யும் என்று பாருங்கள். அங்கே இயற்கையாக இருந்தவை பள்ளத்தாக்குகளில் சோலைக்காடும் மேட்டில் பரந்த புல்வெளியும் ஆகும். தோல் பதனிடவும் காகிதக் கூழுக்கும் விறகுக்கும் என்று வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களைப் புல்வெளியில் அரசே நட்டது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியானது. பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டதென்றும், மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அதன் காரணம் என்றும் அது காட்டியது. மேற்கூறிய வரையறையின்படி பார்த்தால், புல்வெளி அழிந்து வாட்டில் அடர்ந்த அதே இடம் காட்டுப் பரப்பின் பெருக்கமாகும். கோள் படம் பொய் சொல்லவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டுப் படத்தைப் பார்க்கிறோம் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. அந்தக் கேள்வியை வகுக்கும் மேசையில் மலைவாழ் மக்கள் இல்லை.

கீழ்ப்பழனி மலையிலோ நிலைமை வேறு. நிழல் மரங்களுக்கு அடியில் காப்பியும் ஏலமும் மிளகும் வளர்கின்றன. பளியர் தேன் எடுக்கும் பாறையும், கிழங்கு அகழும் சரிவும், சாமி கும்பிடும் இடமும் மரக்கவிகைக்குக் கீழே உள்ளன. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இவை யாவும் ஆளில்லாக் காடு. காட்டை வெட்டாமல் வாழ்ந்ததே, அங்கு வாழ்ந்ததற்குச் சான்று இல்லாமல் போவதற்குக் காரணமாகிறது.

இருபத்திரண்டு சென்டும் எழுபத்தைந்து ஆண்டும்

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பட்டியல் பழங்குடியினருக்கும் பிற மரபுவழி வனவாழ் மக்களுக்கும் அவர்கள் அனுபவித்துவரும் நிலத்தின் மீது, அதிகபட்சம் நான்கு ஹெக்டேர் வரை, உரிமையை அங்கீகரிக்கிறது. 2005 டிசம்பர் 13 அன்று நிலம் அவர்கள் அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும். பட்டியல் பழங்குடியினர் அல்லாதவர்களுக்கு மேலும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டுப்பகுதியில் வசித்ததை அவர்கள் மெய்ப்பிக்க வேண்டும்.

இந்த நிபந்தனை யார் மீது விழுகிறது? தமிழ்நாட்டில் பளியர் பட்டியல் பழங்குடியினர். அதே மலையில் வாழும் புலையர் பட்டியல் சாதியினராக வகைப்படுத்தப்பட்டுள்ளனர். தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கோரி வருகின்றனர். ஆகவே அடுத்தடுத்த குடியிருப்புகளில், ஒரே காட்டை நம்பி வாழும் இரு சமூகங்களுள் ஒன்றுக்கு 2005ஆம் ஆண்டின் சான்று போதும். மற்றொன்றுக்கு 1930ஆம் ஆண்டின் சான்றும் வேண்டும். காட்டில் வாழும் தலித்துகள் நாடெங்கும் சந்திக்கும் இடர்ப்பாடு இது. 1930இல் செயற்கைக்கோளே கிடையாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

செயற்கைக்கோள் வந்த பிறகான காலத்துக்கும் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எழுபதுகளின் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி சுமார் 80 மீட்டர் அகல நீளம் கொண்டது. அதன் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். அரை ஏக்கர் கேழ்வரகும் ஒரு குடிசையும் அந்தப் புள்ளிக்குள் கரைந்துவிடும். பின்னர் வந்த லேண்ட்சாட் படங்களில் புள்ளியின் அளவு 30 மீட்டர். அது 900 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 22 சென்ட். அரை ஏக்கர் நிலம் இரண்டு புள்ளிகளைச் சற்றே தாண்டும். அதன் ஓரத்தில் பலாவும் சவ்வும் நிழல் விரித்திருந்தால், மலைச்சரிவின் நிழலும் சேர்ந்தால், அது காடா கழனியா என்பதைப் படம் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இவ்வளவு தடுமாற்றம் உள்ள சான்றின் மீது எவ்வளவு பெரிய முடிவுகள் ஏற்றப்படுகின்றன! 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம், உரிமைக்கோரிக்கை நிராகரிக்கப்பட்ட குடும்பங்களை வெளியேற்றுமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. ஆக்கிரமிப்புகளைச் செயற்கைக்கோள் அளவை மூலம் பதிவு செய்து தாக்கல் செய்யுமாறு இந்திய வன அளவை நிறுவனத்துக்கும் அதே ஆணையில் சொன்னது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வாழ்வு கேள்விக்குள்ளானது. நாடு தழுவிய எதிர்ப்புக்குப் பின், பிப்ரவரி 28 அன்று அந்த ஆணை நிறுத்திவைக்கப்பட்டது.

உண்மையில் சட்டம் இதற்கு முன்பே விடை சொல்லிவிட்டது. 2012இல் திருத்தப்பட்ட வன உரிமை விதிகளின் 12ஏ பிரிவு, செயற்கைக்கோள் படம் பிற சான்றுகளுக்குத் துணையாகலாம், அவற்றுக்கு மாற்றாகாது என்கிறது. குஜராத்தில் செயற்கைக்கோள் படத்தையே முதன்மையாக வைத்து ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் தள்ளப்பட்டபோது, அம்மாநில உயர் நீதிமன்றம் 2013இல் அதனை ஏற்க மறுத்து, பிற சான்றுகளையும் பரிசீலிக்கச் சொன்னது. அதே குஜராத்தில் பழங்குடி மக்கள் தங்கள் வயலின் எல்லையில் ஜி.பி.எஸ். கருவியுடன் நடந்து, அந்தக் கோட்டைச் செயற்கைக்கோள் படத்தின் மீது பொருத்தி, தங்கள் உரிமையை நிறுவவும் செய்தார்கள். கருவி ஒன்றுதான். அது யார் கையில், எந்தச் சான்றுகளோடு சேர்ந்து நிற்கிறது என்பதே வேறுபாடு.

தரவு யாருக்கு இலவசம்?

2023ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கை இந்த இடத்தில் முக்கியமாகிறது. ஐந்து மீட்டரும் அதற்கு மேற்பட்ட புள்ளியளவும் கொண்ட தொலையுணர்வுத் தரவு அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்படும் என்கிறது அது. முன்பிருந்த கட்டுப்பாடுகளோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம். ஐந்து மீட்டருக்கும் நுண்ணிய படங்களோ அரசு அமைப்புகளுக்கு மட்டும் இலவசம். அரசு சாராதவர்களுக்கு விலை உண்டு.

சிறு நிலத்தின் வரப்பும் குடிசையும் தெளிவாகத் தெரிவது அந்த நுண்ணிய படத்தில்தான். 2013இல் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு கொடைக்கானல் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஒரு மலையில், வனத்துறைக்கு அந்தப் படம் இலவசம். உரிமை கோரும் குடும்பத்துக்கு விலைக்கு. வன உரிமைச் சட்டப்படி உரிமையைத் தீர்மானிக்கும் நடைமுறையைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கு உரியது. நியாயமாகப் பார்த்தால் அந்தப் படத்தைப் பெறும் முதல் தகுதி அதற்கே உண்டு. இன்னொரு முரணையும் கவனியுங்கள். கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்கள் எண்மமாக்கப்பட்டு ஆய்வுலகுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. பதினைந்து கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள சூரியனின் படம் எவருக்கும் கிடைக்கிறது. மலைச்சரிவிலுள்ள சொந்த நிலத்தின் நுண்ணிய படத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நிசார், அமெரிக்காவும் இந்தியாவும் கூட்டாக உருவாக்கிய ரேடார் கோள். முகிலையும் இருளையும் ஊடுருவி, பூமியின் ஏறத்தாழ முழு நிலப்பரப்பையும் 12 நாளுக்கு இருமுறை அது அளக்கும். 2023இல் இந்தியா கையெழுத்திட்ட ஆர்ட்டெமிஸ் உடன்பாடுகளோடு சேர்த்து, இருநாட்டு உறவின் அடையாளமாக இது பேசப்படுகிறது. இலைக்கவிகையைத் தாண்டிக் காட்டின் உயிர்த்திரளை மதிப்பிடும் ஆற்றல் அதன் நீள அலை ரேடாருக்கு உண்டு. காட்டை அளக்கும் திறன் கூடக்கூட, அளவையின் பேரில் மக்களை அப்புறப்படுத்தும் வாய்ப்பும் கூடும். மக்கள் தம் பக்க நியாயத்தை நிறுவும் வாய்ப்பும் கூடும். எது நடக்கும் என்பதைக் கோள் தீர்மானிக்காது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, சான்றைப் பற்றியது. வன உரிமை விதிகள் ஏற்கும் சான்றுகளின் பட்டியல் நீண்டது: முதியோரின் எழுத்துமூல வாக்குமூலம், இடுகாடு, கிணறு, வழிபாட்டிடம், நிலத்தைச் சமப்படுத்திய தடம், வம்சாவளி, ஆய்வு நூல்கள், மாவட்ட விவரச்சுவடிகள். பழனிமலைப் புலையரையும் பளியரையும் பற்றி 1868இல் வெளியான நெல்சனின் மதுரை மாவட்டக் கையேடும், 1906இல் வெளியான பிரான்சிசின் மதுரை விவரச்சுவடியும் குறிப்பிடுகின்றன. காலனிய அதிகாரிகள் இம்மக்களை இழிவாகவே எழுதினார்கள். ஆயினும் 1930க்கு முன்பே இவர்கள் இம்மலையில் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்த ஏடுகளே அரசின் வாக்குமூலம். செயற்கைக்கோள் எட்டாத காலத்தை அவை எட்டுகின்றன. 75 ஆண்டு என்பது அப்பகுதியில் வசித்ததற்கான நிபந்தனையே. அதே நிலத்தை 75 ஆண்டு உழுதிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை என்பதையும் கிராம சபைகளில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, தரவைப் பற்றியது. வனத்துறை வரைபடங்களையும் வருவாய்த்துறை வரைபடங்களையும் கிராம சபைக்குக் கொடுப்பது உட்கோட்ட அளவிலான குழுவின் கடமை. ஒரு கோரிக்கை செயற்கைக்கோள் படத்தைக் காட்டி மறுக்கப்பட்டால், எந்தக் கோள், எந்த நாள், என்ன புள்ளியளவு, யார் வகைப்படுத்தினார்கள், களத்தில் சரிபார்த்தார்களா என்று எழுத்தில் கேட்க வேண்டும். நிராகரிப்புக்குக் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். லேண்ட்சாட் தரவு 2008 முதல் உலகெங்கும் இலவசம்; ஐரோப்பாவின் சென்டினல் கோள்களின் தரவும் இலவசம். கல்லூரிக் கணினியில் ஒரு மாணவர் குழு இவற்றைக் கையாளக் கற்க முடியும்.

மூன்றாவது, ஆய்வைப் பற்றியது. விண்வெளிக் கொள்கை குறித்து ஆய்வு செய்யும் தலித், பழங்குடி மாணவர்கள் பெருக வேண்டும். நிலவில் சுரங்கம் தோண்டும் உரிமை யாருக்கு என்று கேட்கும் துறை, தும்பாவிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் குலசேகரப்பட்டினத்திலும் நிலம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். இந்தியா உலக அரங்கில் வளரும் நாடுகளின் குரலாகப் பேசுகிறது. அந்தக் குரலின் மூன்று கோரிக்கைகளான அனுமதி, அணுக்கம், தீங்கின்மை ஆகியவற்றை வன உரிமை விதிகளிலும் விண்வெளிக் கொள்கையிலும் எழுதிவைக்கச் சொல்வது நியாயமான அரசியல் கோரிக்கையே. நுண்ணிய தொலையுணர்வுத் தரவு கிராம சபைகளுக்கு விலையின்றிக் கிடைக்க வேண்டும் என்று கொள்கையில் ஒரு வரி சேர்ப்பதற்குப் புதிய ராக்கெட் எதுவும் தேவையில்லை.

தமிழ்நாட்டில் வன உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை ஆவணம் வழங்குவதே நீதிமன்ற ஆணையொன்றினால் 2008 முதல் 2016 வரை தடைப்பட்டிருந்தது. இழந்த அந்த ஆண்டுகளில் சாட்சி சொல்லக்கூடிய முதியோர் பலர் மறைந்தார்கள். எஞ்சியிருப்போரின் சொல்லை இப்போதே எழுதி வாங்க வேண்டும். கோள்கள் 12 நாளுக்கு இருமுறை திரும்பி வரும். அவர்களின் நினைவு அப்படித் திரும்பி வராது.